தொழில்வழிச் சிகிச்சையாளர்கள்: நம் மாவட்டத்திற்கு எத்தனை பேர் வேண்டும்?

பக்கவாதத்திற்குப் பின் மறுபரிசோதனைக்கு வருவோரிடம் கையைத் தூக்கச் சொல்வேன். பலர் தூக்கிவிடுவார்கள், இயன்முறை மருத்துவரின் உழைப்பு அதில் தெரியும். "அந்தக் கையால் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால், பதில் பெரும்பாலும் உடன் வந்த மனைவியிடமிருந்தோ மகளிடமிருந்தோ வரும்: "நாங்கதான் ஊட்டி விடறோம், சார்."

கையைத் தூக்குவதற்கும் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க உதவுவதே ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்வழிச் சிகிச்சை. பெயரில் 'தொழில்' இருப்பதால், வேலை வாங்கித் தரும் பிரிவு என்று எண்ணியவர்களும் உண்டு. குளித்தல், பொத்தான் போடுதல், அடுப்பு மூட்டுதல், குழந்தை பென்சில் பிடித்தல் முதலிய அன்றாடச் செயல்கள் யாவும் இதில் அடங்கும்.

இத்துறை நமக்குப் புதியதன்று. 1950இல் மும்பையில் கமலா நிம்ப்கரின் முயற்சியால் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1952இல் உலகக் கூட்டமைப்பை உருவாக்கிய பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஆயினும், கல்வராயன் மலையிலிருந்து வரும் ஒருவருக்கு இச்சிகிச்சை தேவை என்று எழுதிய பின், எங்கே செல்ல வேண்டும் என்பதை எழுதுமிடத்தில் என் பேனா தயங்குகிறது.

"ஆளே இல்லாதபோது ஆய்வு எதற்கு?" என்று சக மருத்துவர் ஒருவர் கேட்டார். நியாயமான சினம். ஆனால் பணியிடம் கோரும் கோப்பில் முதலில் கேட்கப்படுவது எண்ணிக்கைதான். துணைநிலை மருத்துவப் பணியாளர்களுக்காக 2021இல் இயற்றப்பட்ட தேசியச் சட்டம் இத்துறையினருக்கும் மத்திய, மாநிலப் பதிவேடுகளை வகுத்துள்ளது. வரவேற்கத்தக்கது. எனினும், பட்டம் பெற்றவர்களுள் எத்தனை பேர் சிற்றூர்ப் பக்கம் பணிபுரிகின்றனர், எத்தனை பேர் பெருநகரத்திற்கோ வெளிநாட்டிற்கோ சென்றனர், அதற்குக் காரணம் ஊதியமா, ஒப்பந்தப் பணியா, தங்குமிடமா என்பதைப் பதிவேடு மட்டும் சொல்லிவிடாது. படித்து முடித்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கேட்டறிய வேண்டும்.

தேவையின் கணக்கு அதனினும் கடினம். மக்கள்தொகைக்கு இத்தனை பேர் என்று வகுக்கும் சராசரி மலைக்குப் பொருந்தாது. நகரில் ஒரு நாளில் பத்துப் பேரைப் பார்க்கும் சிகிச்சையாளர், வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள குக்கிராமங்களில் மூன்று வீடுகளுக்குப் போய் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடலாம். அந்தப் பயண நேரமும் பணி நேரமே. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்ததை நாம் மறக்கவில்லை. அதில் உயிர் பிழைத்து, பார்வை குன்றியவர்களுள் எவருக்கு நடக்கவும் சமைக்கவும் மாத்திரையை அடையாளம் காணவும் பயிற்சி தேவைப்பட்டது என்ற கணக்கை நாம் பேசுவதே இல்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வீடு தேடிச் செல்வோர், நோயாளி தாமாகச் செய்ய இயலாத செயல் எது என்ற ஒரு கேள்வியையும் கேட்டுப் பதிந்தாலே, ஓராண்டில் நம் மாவட்டத்திற்கெனப் பயனுள்ள ஆய்வுத் தரவு சேர்ந்துவிடும் என்பது என் கருத்து.

அந்த ஆய்வில் உங்கள் உழைப்பும் இடம்பெற வேண்டும். கரண்டியின் பிடியில் பழந்துணியைச் சுற்றித் தடிமனாக்கி, வலுவிழந்த விரல்களுக்குள் வைத்துக் கணவரைச் சாப்பிடப் பழக்கினார் ஓர் அம்மா. எவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. ஆனால் அது பாடநூலில் உள்ள முறைதான். அவர் கூலி வேலையை விட்ட நாள்களை எந்தப் பதிவேடும் எண்ணியதில்லை.

அடுத்த முறை வரும்போது, நோயாளி எந்தெந்தச் செயலுக்குப் பிறர் உதவியை நாடுகிறார், அதற்காக வீட்டில் யார் வேலையை விட்டிருக்கிறார் என்பதை எழுதிக் கொண்டுவாருங்கள். எழுத இயலாதவர்கள் செவிலியரிடம் சொன்னால் போதும். நோய்க் குறிப்பேட்டில் மருந்துகளுக்குக் கீழே அதையும் சேர்த்து எழுதுகிறேன். இத்தனை ஆண்டுகள் எழுதாமல் விட்டவர்களுள் நானும் ஒருவன்.