மூன்றே முக்கால் டாலர் கிட்டார்: வீட்டு ஒலிப்பதிவும் உரிமையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கார்போரோ என்னும் ஊரில் ஒரு கறுப்பினச் சிறுமி வீட்டு வேலை செய்து சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். சேர்ந்த 3.75 டாலரில் ஒரு மலிவான கிட்டாரை வாங்கினார். அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர். வலதுகைக்காரருக்கெனக் கம்பி கட்டப்பட்ட அந்தக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, தமக்கென ஒரு வாசிப்பு முறையை உருவாக்கிக்கொண்டார். எலிசபெத் காட்டன் என்பது அவர் பெயர். ‘ஃபிரைட் டிரெயின்’ என்ற புகழ்பெற்ற பாடல் அவர் சிறுவயதில் புனைந்தது.

1950களில் அவர் வாஷிங்டனில் இசைக் குடும்பமான சீகர் வீட்டில் பணியாளராக இருந்தார். அக்குடும்பத்தின் மகள் பெக்கி சீகர் வழியாக அந்தப் பாடல் இங்கிலாந்தை அடைந்தது. அங்கே வேறு இருவர் அதைத் தம் படைப்பாகப் பதிவு செய்துகொண்டனர். பாடல் விற்பனையில் வெற்றியும் பெற்றது. பெக்கியின் அண்ணன் மைக் சீகர் ஒலிப்பதிவுக் கருவியைக் காட்டனின் வீட்டுக்கே கொண்டுசென்று பதிவு செய்த பாடல்கள் 1958இல் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் வெளியீடாக வந்தன. அந்தப் பாடலுக்கு உரிய பெயர் நீண்ட முயற்சிக்குப் பிறகே காட்டனை வந்தடைந்தது. 1985இல், முதிர்ந்த வயதில், அவர் கிராமி விருதும் பெற்றார்.

கருவி மலிவாகக் கிடைத்தது. கலை கையில் இருந்தது. பதிவும் வீட்டிலேயே நடந்தது. ஆயினும் உடைமை கைமாறியது. வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியுள்ள நம் கலைஞர்கள் கருத்தில் கொள்ளவேண்டிய வரலாறு இது.

எதற்குச் செலவிடுவது?

2018 ஜனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு சென்னையில் அரங்கேறியபோது, கானாவும் பறையும் மின்கிட்டாரும் ஒரே மேடையில் ஒலித்தன. அதைக் கண்டு இசைக்குள் வந்த இளைஞர்கள் பலர். ஆனால், ஒலிப்பதிவுக் கூடத்தின் மணிக்கணக்கு வாடகை அன்றாடக் கூலியில் வாழும் குடும்பங்களுக்கு எட்டாதது. ஆகவே வீட்டுப் பதிவு அவர்களுக்குப் பொழுதுபோக்கு அன்று. இசையுலகுக்குள் நுழையக் கிடைத்திருக்கும் ஒரே வாசல்.

அந்த வாசலுக்கு வேண்டிய பணம் இன்று பெருமளவு குறைந்திருக்கிறது. ஒரு கணினியோ கைப்பேசியோ இருந்தால், ஓர் எளிய ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு டைனமிக் மைக், ஒரு ஹெட்போன் ஆகிய மூன்றையும் ஏறத்தாழ 10,000 முதல் 15,000 ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். மென்பொருளுக்குச் செலவே இல்லை: கணினிக்கு ஆடாசிட்டி, கைப்பேசிக்கு பேண்ட்லேப் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. மின்கிட்டாரை நேரே இன்டர்ஃபேஸில் செருகி, ஆம்ப்ளிஃபயரின் ஒலியை மென்பொருளிலேயே உண்டாக்கலாம். பழைய கிட்டார் வாங்குபவர் கழுத்து வளைந்திருக்கிறதா, பிரிட்ஜ் பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். சில நூறு ரூபாய்க்குப் புதுக் கம்பி மாற்றினாலே அதன் ஒலி தெளிந்துவிடும்.

விளம்பரங்கள் பரிந்துரைப்பது பெரும்பாலும் கண்டென்சர் மைக்கை. அது நுண்ணிய ஒலியையும் வாங்கும். அதுவே அதன் குறையும் ஆகும். அமைதியான தனியறை இருப்பவருக்கே அது பயன்படும். பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளின் சிற்றறையில் அது பாடகரின் குரலோடு பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியையும் சேர்த்தே பதிவு செய்யும். அமைதியும் ஒரு சொத்து. நிலத்தைப் போலவே அதுவும் சமமாகப் பங்கிடப்படவில்லை. நெருங்கி நின்று பாடவேண்டிய டைனமிக் மைக்தான் நம் வீடுகளுக்குப் பொருந்தும். சுவரில் தொங்கவிட்ட கனமான போர்வைகள் அறையின் எதிரொலியைக் குறைக்கும். ஆனால் தெருவின் இரைச்சலை அவை தடுக்கமாட்டா.

பறைக்கும் டைனமிக் மைக்கே ஏற்றது. அதன் உரத்த அடியை அது தாங்கும். மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்து, உள்ளீட்டு அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தோற்பறை நெருப்பில் காய்ந்தால்தான் இறுகும், ஆறினால் தளரும். எனவே தீ மூட்ட இடமுள்ள வெளியில் காய்ச்சி, சூடு இறங்கும் முன் பதிவை முடிக்கவேண்டும். குளிரூட்டப்பட்ட கூடங்களை மனத்தில் வைத்து எழுதப்படும் வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை.

யார் தயாரிப்பாளர்?

வீட்டுப் பதிவின் முதன்மைப் பயன் சிக்கனம் என்று கருதுவது பாதி உண்மையே. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 ஓர் ஒலிப்பதிவின் உரிமையை அதன் தயாரிப்பாளருக்கு அளிக்கிறது. அந்தப் பதிவை உருவாக்கும் முன்முயற்சியையும் பொறுப்பையும் ஏற்பவரே தயாரிப்பாளர் என்றும் அது வரையறுக்கிறது. நிறுவனம் தன் செலவிலும் பொறுப்பிலும் கூடம் அமர்த்திப் பதிவு செய்தால், பொதுவாக அந்நிறுவனமே உரிமையாளர். பாடலை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் தனி உரிமைகள் உண்டு என்றாலும் பதிவு அவர்களுடையதன்று. அதே பாடலைக் கலைஞர் தம் வீட்டில் தம் பொறுப்பில் பதிவு செய்தால், அவரே தயாரிப்பாளர். வெளியிட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு அந்த உரிமை நீடிக்கும். 15,000 ரூபாய்க் கருவிகள் வாங்கித் தருவது ஒலியை மட்டுமன்று, சட்டத்தின் முன் ஓர் இடத்தையும்.

அந்த இடத்தை ஒரே கையெழுத்தில் இழந்துவிடவும் கூடும். எனவே சில செய்திகளை மனத்தில் இருத்தவேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிக்கப்படாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கு மட்டுமே பொருந்தும் என்கிறது 19ஆம் பிரிவு. ‘நிரந்தரமாக’ என்ற சொல்லை நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் தவறாமல் சேர்ப்பது அதனால்தான். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுத்துவிட முடியாது. உரிமையை விற்ற பின்னும், ‘இது என் படைப்பு’ என்று கோரும் உரிமையை 57ஆம் பிரிவு காக்கிறது. பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமன்று. வழக்கு வந்தால் அது சான்றாகும். வரிகளுக்கும் இசைக்கும் தனித்தனியே 500 ரூபாயும், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாயும் கட்டணம். விலை கூடிய மைக்கைவிட இந்தச் செலவு முந்தியது.

இணையத்தில் ‘இலவசம்’ என்று கிடைக்கும் தாளத்துண்டுகளிலும் கவனம் வேண்டும். அவற்றின் மீது பாடிய பாடல் பரவலாகும் நாளில், தாளத்துக்கு உரியவர் வருவாயில் பங்கு கேட்கலாம். தெருவில் இருக்கும் பறையிசைக் கலைஞருக்கு ஊதியம் கொடுத்து வாசிக்கச் செய்தால் அந்த இடர் நீங்கும். பணமும் ஊருக்குள்ளேயே இருக்கும்.

நம்மை நோக்கிய கேள்வி

கணினி வைத்திருக்கும் இளைஞர் தயாரிப்பாளர் ஆகும்போது, அவருக்காக ஒப்பாரி பாடிய பாட்டி யார்? பறையடித்த பெரியவர் யார்? ‘பாரம்பரியப் பாடல்’ என்ற ஒற்றைச் சொல்லில் அவர்கள் பெயர் மறையுமானால், இங்கிலாந்தில் காட்டனுக்கு நேர்ந்தது நம் குடியிருப்பிலும் நேர்ந்ததாகவே பொருள். பாடல் பாரம்பரியமானதாக இருக்கலாம். அதைப் பாடியவரின் நிகழ்த்துரிமையைச் சட்டம் 50 ஆண்டுகளுக்குத் தனியே காக்கிறது. பதிவுக்கு முன்பே ஒரு தாளில் பெயர்களையும் பங்குகளையும் எழுதி, படித்துக் காட்டி, ஒப்பம் பெறுவதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

நூற்றாண்டுகளாகச் சாவுக்கும் திருவிழாவுக்கும் கட்டாயப்படுத்தி அடிக்கவைத்த பறையை நம் கலைஞர்கள் உரிமையின் இசையாக மாற்றினார்கள். அந்த மாற்றம் முழுமை பெற, ஒலியோடு உடைமையும் கைக்கு வரவேண்டும். காட்டனிடம் கிட்டார் இருந்தது. பாடல் தன்னுடையது என்று நிறுவும் தாள் இல்லை. நம் கலைஞர்களின் முதல் பதிவிலேயே அந்தத் தாளும் இருக்கட்டும்.