மோட்டார் லைஸென்ஸும் மதியிறுக்கமுடையோரும்

திண்டிவனத்தைச் சுற்றியுள்ள கிராமத்து வாலிபன் ஒருவன் விழுப்புரத்தில் இரவு வரை வேலை பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டுமாயின், பஸ்ஸை மட்டும் நம்பியிருக்க முடியாது. வண்டி ஓட்டுவது ஜீவனத்துக்கு வேண்டிய வித்தைகளில் ஒன்றாகிவிட்டது. இவ்வித்தையைக் கற்க விரும்பியும் வாசலிலேயே தயங்கி நிற்கும் ஒரு சாராரின் குறையை அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

ஆட்டிஸம் எனப்படும் மதியிறுக்கத்தை 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் டாக்டர் விவரித்தார். இது தொற்று நோயுமன்று, பைத்தியமுமன்று. பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வேற்றுமை. இதையுடையோரில் பிறர் துணையின்றி வாழ இயலாதவர்களும் உளர். பட்டம் பெற்று உத்தியோகம் பார்ப்பவர்களும் உளர். வண்டி ஓட்டும் திறமையை அடையக்கூடியவர்களைப் பற்றியே இங்கு பேசுகிறோம். திடீர்ச் சப்தமும் எதிர்பாராத மாறுதலும் இவர்களைக் கலங்கச் செய்யும். பலருக்கு மனப்பதற்றமும் கூடவே உண்டு.

சட்டம் இவர்களுக்கு விரோதமாயில்லை. 1995-ம் வருஷத்துச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே அங்கீகரித்தது. அவற்றில் மதியிறுக்கம் இல்லை. 2016-ம் வருஷத்துச் சட்டம் அவற்றை 21 ஆக்கி, இதையும் சேர்த்தது. நியாயமான வசதி செய்து தருவது சர்க்காரின் கடமை என்றும் அது விதிக்கிறது. மோட்டார் சட்டமோ மதியிறுக்கத்தைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆயினும், பிறருக்கு அபாயம் விளைவிக்கக்கூடிய நோயோ குறைபாடோ உண்டா என்று மனுப் பாரத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. உள்ளதைச் சொன்னால் மனு தள்ளுபடியாகுமோ, சொல்லாவிட்டால் பொய்யுரைத்ததாகுமோ என்று மனுதாரர் திகைக்கிறார். இங்கிலாந்தில் 2019-ல் இதே குழப்பம் நேர்ந்தது. மதியிறுக்கமுடைய எல்லோரும் தெரிவிக்கவேண்டுமென்று லைஸென்ஸ் இலாகா முதலில் கூறிற்று. கண்டனம் எழுந்ததும், ஓட்டும் திறனைப் பாதித்தால் மட்டும் தெரிவித்தால் போதும் என்று திருத்திற்று. நம் சர்க்காரும் அவ்விதமே தெளிவுபடுத்தலாம். காது கேளாதோர் பரீக்ஷைக்குச் செல்ல 2011-ல் டில்லி ஹைகோர்ட் வழி திறந்தது. நிறக்குருடு ஓரளவுக்கு மட்டும் உள்ளவர்களுக்கு 2020-ல் மத்திய சர்க்கார் வழி திறந்தது. இவர்கள் விஷயத்தில் மட்டும் தயக்கம் ஏன்?

பொது ஜனங்களின் பாதுகாப்பு என்னாவது என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். நியாயமான கேள்விதான். 2022-ல் தமிழ்நாட்டு ரஸ்தாக்களில் மாண்டவர்கள் 17,884 பேர். அவ்வருஷம் தேசமெங்கும் விபத்தில் இறந்தவர்களில் 100-க்கு 71 பேர் அதிவேகத்தால் இறந்ததாகச் சர்க்கார் கணக்கே கூறுகிறது. அமெரிக்காவில் நியூஜெர்ஸி ராஜ்யத்தில் நடந்து, 2021-ல் வெளியான ஆராய்ச்சி என்ன சொல்லுகிறது? லைஸென்ஸ் பெற்ற மதியிறுக்கமுடைய வாலிபர்கள் மற்றவர்களைவிட அதிகமாக விபத்துக்குள்ளாகவில்லை. வேகத்தால் விளையும் விபத்தும், விதி மீறலும் அவர்களிடம் குறைவு. பிறருக்கு வழி விடுவதிலும், இடப்பக்கம் திரும்புவதிலுமே அவர்கள் அதிகம் தவறினார்கள். வலப்புறமாக ஓட்டும் அந்நாட்டில் இடப்பக்கம் திரும்புவது, இங்கே எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கிட்டு வலப்பக்கம் திரும்புவதற்கு ஒப்பாகும். ஆக, கஷ்டம் எங்கே என்பது தெரிந்துவிட்டது. பயிற்சியும் அங்கேதான் வேண்டும்.

நமது பயிற்சி முறையோ தலைகீழாக இருக்கிறது. முதல் நாளே ஜன நெருக்கத்தில் வண்டியை இறக்குவது, தவறினால் அதட்டுவது, நாளுக்கொரு வாத்தியாரை அனுப்புவது என்பது பல இடங்களில் வழக்கம். விழுப்புரம் நான்குமுனைச் சந்திப்பில் நாற்புறமும் ஹாரன் அலறும்போது பக்கத்திலிருப்பவரும் அலறினால், பதற்றமுள்ளவர் என்ன கற்பார்? ஒரே வாத்தியார், ஒரே வண்டி, ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளட்டும். அன்றைக்குச் செல்லும் வழியை முன்கூட்டியே சொல்லட்டும். முதலில் வெறும் மைதானம், பிறகு விடியற்காலைக் கிராமச் சாலை, கடைசியில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை என்று படிப்படியாகச் செல்லட்டும். பழகுநர் லைஸென்ஸ் 6 மாதம் செல்லும். 30 நாள் முடிந்தவுடன் பரீக்ஷைக்கு ஓடவேண்டிய அவசரமில்லை.

பரீக்ஷையிலும் சிறு மாறுதல்களே போதும். மைதானத்தை முந்திய தினமே நடந்து பார்க்க அனுமதிக்கலாம். எட்டுப் போடுவது முதல் வண்டியை நிறுத்துவது வரை இன்னின்ன வரிசையில் நடக்கும் என்று எழுதிக் கொடுக்கலாம். கூட்டமில்லாத வேளையில் அழைக்கலாம். தேர்ச்சியின் அளவை ஓர் அங்குலமும் தளர்த்த வேண்டாம். பரீக்ஷையில் தவறியவருக்கு லைஸென்ஸ் மறுப்பது நியாயமே. பரீக்ஷைக்கு வருமுன்னரே ஒருவரை விரட்டிவிடுவதுதான் அநீதி.

இவற்றுக்குப் புதிய சட்டமும் வேண்டாம், பெரும் பணமும் வேண்டாம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள போக்குவரத்து ஆபீஸ்கள் மாதத்தில் ஒரு காலைப் பொழுதை இதற்கென ஒதுக்கித் தொடங்கலாம். அந்த நாள் எது என்பதை ஆபீஸ் வாசலில் எழுதி ஒட்டும்படி ஜில்லா அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.