விற்றது எதை?

திருவனந்தபுரம் பாளையம் ஜும்மா மசூதி வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார் கமலா சுரையா. மலையாளிகளுக்கு மாதவிக்குட்டி, ஆங்கில வாசகர்களுக்குக் கமலா தாஸ். 2009 மே 31 அன்று புனேயில் இறந்தவரின் உடலைக் கேரளத்துக்குக் கொண்டுவந்து, அரசு மரியாதையுடன் இங்கே அடக்கம் செய்தார்கள். இதே திருவனந்தபுரம் தொகுதியில் 1984 மக்களவைத் தேர்தலில் அவர் சுயேச்சையாக நின்றதும் உண்டு. அப்போது கிடைத்த ஓட்டுகள் இரண்டாயிரத்தைத் தொடவில்லை.

அந்த அலட்சியத்துக்கும் இந்த மரியாதைக்கும் பின்னால் ஒரே புத்தகத்தின் நிழல் தெரிகிறது. 'என்டெ கத', அதாவது என் கதை, 1972ல் 'மலையாளநாடு' வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. கசந்துபோன தாம்பத்தியம், கணவன் அல்லாத ஆண்கள், உடலின் வேட்கை என்று, நல்ல குடும்பத்துப் பெண் வாய் திறக்கக்கூடாத விஷயங்களெல்லாம் வாராவாரம் அச்சேறின. உறவினர்கள் கொதித்தார்கள். பத்திரிகையின் விற்பனை எகிறியது. ஏன் எழுதினார் என்பதற்கு ஆங்கிலப் பதிப்பின் முன்னுரையில் அவரே பதில் சொல்கிறார். இதய நோயில் கிடந்தபோது சாவு பயத்திலிருந்து மனதைத் திருப்ப எழுத்து உதவும் என்று டாக்டர் நினைத்தார். தவிர, ஆஸ்பத்திரி பில்களையும் கட்ட வேண்டியிருந்தது. அதில் கற்பனையும் கலந்திருக்கிறது என்று பிற்காலத்தில் சொன்னதும் அவர்தான்.

ஆக, குற்றப்பத்திரிகை தயார். ஒழுக்கக்கேட்டைக் கற்பனை செய்து, அதற்கு உண்மை என்று லேபிள் ஒட்டி, காசாக்கினார். இதில் தவறு எங்கே இருக்கிறது? எழுதியதிலா, காசு வாங்கியதிலா?

பாளையத்திலிருந்து சாலைக் கடைத்தெரு அதிக தூரமில்லை. அங்கே பாத்திரக்கடை வைத்திருந்தவர் ஆ. மாதவன். 2021 ஜனவரியில் மறைந்த அந்தத் தமிழ் எழுத்தாளரின் கதைகளில் பிக்பாக்கெட்காரர்கள், ரவுடிகள், சுமட்டுக்கூலிகள், உடலை விற்பவர்கள் எல்லோரும் வருகிறார்கள். 'கிருஷ்ணப்பருந்து' நாவலில் ஊரே வணங்கும் ஒரு பெரியவரின் அடக்கி வைத்த காமம் வருகிறது. ஒழுக்கக் காவலர்கள் முகம் சுளிக்க இதில் ஏராளம் உண்டு. ஆனால் காசுக்காக எழுதினார் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. அடுப்பெரிய வைத்தது குடமும் குத்துவிளக்கும் விற்ற பணம். கடை இருந்ததால் கதை யாருக்கும் கைகட்டி நிற்கவில்லை.

இதைப் பார்த்து, எழுத்தாளன் வயிற்றுப்பாட்டுக்கு வேறு தொழில் வைத்துக்கொள்வதே தர்மம் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால் எல்லோருக்கும் கடை வாய்ப்பதில்லை. 'பொன்னகரம்' கதையில், காயம்பட்டுக் கிடக்கும் கணவனுக்குக் கஞ்சி வார்க்க ஒரு பெண் தன்னையே விற்றதை எழுதிய புதுமைப்பித்தன், பிழைப்புக்காக சினிமாவுக்குக் கதை வசனம் எழுதப் போனார். புனேயில் அந்த வேலையில் இருந்தபோது காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30ல், 42 வயதில், இதே திருவனந்தபுரத்தில் இறந்தார். எழுத்தை மட்டுமே நம்பியவனிடம், காசைத் தொடாதே என்று உபதேசம் செய்ய மாதச் சம்பளக்காரருக்கு என்ன தகுதி?

கூலி வாங்குவது பாவமல்ல. கூலி கொடுப்பவர் கதைக்குள் புகுந்து உத்தரவு போடுகிறாரா என்பதுதான் விஷயம். 'திருவரங்கன் உலா' எழுதிய ஸ்ரீவேணுகோபாலன்தான், 'புஷ்பா தங்கதுரை' என்ற பெயரில் சிவப்பு விளக்குப் பகுதியின் கதைகளையும் எழுதினார். பக்திக்கு ஒரு பெயர், மற்றதற்கு ஒரு பெயர். இரண்டு பெயர் வைத்துக்கொண்டதில் குற்றமில்லை, களமும் குற்றமல்ல. சீரழிக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி நூறு பக்கம் எழுதலாம். ஆனால் 'தொடரும்' போட வசதியாக வாரம் ஒரு முறை அவள் சேலை நழுவியாக வேண்டும் என்று சர்க்குலேஷன் முடிவு செய்தால், அங்கே எழுத்தாளன் கதை சொல்பவனாக இல்லை, ஆள் பிடிப்பவனாகிவிடுகிறான்.

மாதவிக்குட்டியை இந்தத் தராசில் நிறுத்தினால் ஒரு பக்கம் சுலபம். அவர் சந்தைக்குக் கொண்டுவந்தது தன் சொந்த அந்தரங்கத்தை. அதற்கு விலை வைக்கும் உரிமை அவருக்கு இருந்தது. எதிர்ப்பக்கம் அத்தனை சுலபமில்லை. அந்தக் கதையில் கணவர் இருக்கிறார், பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களை யாரும் அனுமதி கேட்கவில்லை. எது நடந்தது, எது கற்பனை என்று பிரித்துச் சொல்லாததால் நடக்காததற்கும் அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கணவர் மாதவ தாஸ் கடைசி வரை மனைவியின் பக்கம் நின்றார் என்பது அவருடைய பெருந்தன்மை. அது மனைவியின் எழுத்துக்கு வழங்கப்பட்ட நற்சான்று ஆகாது. நாவல் என்று போட்டிருந்தால் இந்தக் கடன் ஏறியிருக்காது. அத்தனை பிரதிகளும் விற்றிருக்காது. உறுத்த வேண்டிய இடம் காமம் அல்ல, இதுதான்.

ஒரு வேடிக்கை. காசு பார்த்தது அவர் மட்டுமல்ல. பத்திரிகை பார்த்தது, பதிப்பாளர்கள் பார்த்தார்கள். தூற்றியவர்களும் காசு கொடுத்து வாங்கித்தான் படித்திருக்க வேண்டும். பழி மட்டும் பங்கு பிரிக்கப்படாமல் ஒரே தலையில் விழுந்தது.

கோட்டயத்தில் 1945ல் 12 எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவு சங்கம் தொடங்கினார்கள். முதலீடு 120 ரூபாய். ஆசிரியருக்கு 30 சதவீத ராயல்டி தந்து பெயர் வாங்கிய சங்கம் அது. நேர்மையான எழுத்துக்குக் கௌரவமான விலை கிடைத்தால், வேறு சரக்கு விற்க வேண்டிய கட்டாயம் குறையும் என்ற எளிய கணக்கு.

அந்த விலையைக் கொடுக்க வேண்டியவர் வாசகர். நல்ல நாவலை நூலகத்திலிருந்து எடுத்து ஓசியில் படித்துவிட்டு, ரயில் நிலையத்தில் கிளுகிளுப்பைக் காசு கொடுத்து வாங்குகிற நமக்கு, எழுத்தாளனின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் தணிந்தே இருக்கட்டும்.