கையொப்பம் யாருக்கு அரண்?

மூன்று திங்களுக்கு முன், உலகு தழுவிய பெருநிறுவனம் ஒன்றின் சென்னைக் கிளையில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் இல்லம் வந்திருந்தார். கையில் நான்கு தாள்கள். நான்கும் முழுதும் ஆங்கிலம். "ஐயா, இவற்றிலுள்ள சில சொற்களுக்குத் தமிழ் வேண்டும்" என்றார். அவை அந்நிறுவனத்தின் அறவொழுக்க நெறிகள். ஆண்டுதோறும் அலுவலர் ஒவ்வொருவரும் கணினித் திரைமுன் அமர்ந்து அந்நெறிகளைப் படித்து, வினாக்களுக்கு விடையிறுத்து, 'படித்தேன், உணர்ந்தேன், ஒழுகுவேன்' என்று ஒப்பமிட வேண்டுமாம். வாயிற்காவலர்க்கும் வண்டியோட்டிகட்கும் துப்புரவுப் பணியாளர்க்கும் கணினி இல்லை, ஆதலால் இத்தாள்கள். அவர்களும் ஒப்பமிடுகின்றனர். படித்தறிந்தா இடுகின்றனர் என்று வினவினேன். "கடைசித் தாளை மட்டும் நீட்டுவார்கள் ஐயா" என்றார்.

படியாத தாளில் இட்ட ஒப்பம் யாருக்குப் பயன்படும்? இதற்கு விடை காணக் கடல் கடக்க வேண்டும். அயல்நாட்டு அலுவலர்க்குக் கையூட்டுக் கொடுப்பதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா 1977-இல் இயற்றியது. பின்னர் 1991-இல் நிறுவனங்களை ஒறுப்பதற்கு வகுத்த நெறிமுறைகளில் ஒரு சலுகை வைத்தது. தவறு நேராமல் தடுக்கும் ஏற்பாடும் பயிற்சியும் செம்மையாக உடைய நிறுவனத்துக்குத் தண்டம் குறையும் என்பதே அச்சலுகை. அன்று முதல் அறப்பயிற்சி பெருந்தொழிலாகத் தழைத்தது. 'நாங்கள் சொல்லித்தான் இருந்தோம். அவன்தான் மீறினான்' என்று மன்றத்தில் எடுத்து நீட்ட ஒரு சான்று வேண்டும். என் மாணவர் சொன்ன வாயிற்காவலரின் ஒப்பம் அச்சான்றாகவே பயன்படும். அது நிறுவனத்துக்கு அரண். அவருக்கோ கழுத்திற் கட்டிய கல்.

தாளில் எழுதிய அறம் தானே காக்கும் என்று எண்ணுவார் என்ரான் நிறுவனத்தை நினைக்க. 2000-ஆம் ஆண்டில் 64 பக்கத்தில் அறநூல் அச்சிட்டுப் பணியாளர்க்கு வழங்கிய நிறுவனம் அது. மறு ஆண்டே கணக்குப் புரட்டுகள் வெளிப்பட்டு மண்ணோடு மண்ணாயிற்று.

செருமனி நாட்டுச் சீமென்சு நிறுவனத்தின் கதை இதனினும் நுட்பமானது. 1999 வரையில் அந்நாட்டில் அயலாருக்குக் கொடுத்த கையூட்டை வரிக்கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ள இடமிருந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பயனுள்ள செலவு'! சட்டம் மாறிய பின்னும் பழக்கம் மாறவில்லை. பணம் வழங்க இசைவளித்த மேலாளர் சிலர் தாளில் நேரே ஒப்பமிடாமல், ஒட்டிப் பிரிக்கத்தக்க சிறு தாளில் ஒப்பமிட்டு அதன்மேல் ஒட்டினர், வேண்டும்போது பிய்த்தெறியலாமன்றோ? 2008 திசம்பரில் அந்நிறுவனம் அமெரிக்காவுக்கும் செருமனிக்கும் ஏறத்தாழ 160 கோடி தாலர் செலுத்த நேர்ந்தது. மேலிடத்தார் ஒப்பம் பிய்ந்து வரும். வாயிற்காவலர் ஒப்பம் அழியா மையில் நிற்கும். இவ்வேறுபாட்டைத் தமிழர் ஓர்ந்து பார்க்க வேண்டும்.

'பயனுள்ள செலவு' என்பது போன்ற போர்வைச் சொற்கள் இன்னும் உள. நடைமுறை வேலை விரைவில் முடிவதற்காகக் கொடுக்கும் சிறுதொகையை 1977-ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கி வைத்து, 'எளிதாக்கும் கொடை' எனப் பொருள்படும் பெயரும் தந்தது. பிரித்தானியர் 2010-இல் இயற்றிய சட்டம் அவ்விலக்கை ஏற்கவில்லை என்பது அவர்க்குப் பெருமை. நம் முன்னோர் பெரியோரைக் காணச் செல்கையில் பலரறியக் கொண்டுசென்ற பொருளைக் கையுறை என்றனர். (இன்று அச்சொல்லைக் கைக்கு மாட்டும் உறைக்கு ஆக்கிவிட்டோம்!) மறைவில் கைக்குள் திணிப்பது கையூட்டு. இரண்டையும் பிரிக்கும் கோடு சொல்லிலேயே கிடக்கிறது. ஆயினும் நம்மவரும் போர்வை நெய்வதில் பின்தங்கியவரல்லர். வழக்கமானது எனப் பொருள்படும் அரபிச் சொல்லாகிய மாமூலை அலுவலகந்தோறும் குடியேற்றினோம். அது போதாதென்று, 'அன்பளிப்பு' என்னும் தூய தமிழ்ச் சொல்லையும் அதே பணிக்கு இழுத்துவிட்டோம். தனித்தமிழ் என்று மார்தட்டும் நாம் இதற்கு நாணத்தான் வேண்டும்.

இச்செய்தி நமக்கு எட்டாத் தொலைவினதும் அன்று. 2014-இல் சென்னையில் காக்னிசண்ட் நிறுவனம் எழுப்பிய வளாகத்துக்கு இசைவு தர, தமிழ்நாட்டு அரசின் உயர் அலுவலர் ஒருவர் 20 இலக்கம் தாலர் கேட்டார் என்றும், ஒப்பந்தத்தார் வழியே அதனைக் கொடுக்க மேலாளர் இசைந்தனர் என்றும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் குற்றஞ்சாட்டியது. குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும் 2.5 கோடி தாலர் செலுத்தி, 2019 பிப்பிரவரியில் நிறுவனம் அவ்வழக்கை முடித்துக்கொண்டது. கேட்டதாகச் சொல்லப்பட்டவர் நம் அரசின் அலுவலர்; கட்டடம் நின்றது நம் மண்ணில்; பணம் போய்ச் சேர்ந்ததோ அமெரிக்கக் கருவூலத்தில்! முன்னாள் மேலாளர் இருவர்மீது தொடுத்த குற்றவழக்கை 2025 ஏப்பிரலில் அந்நாட்டரசே கைவிட்டது. அதற்கு இரு திங்கள் முன்னர்த்தான் குடியரசுத் தலைவர் திரம்பு அச்சட்டத்தின் செயற்பாட்டை நிறுத்திவைத்திருந்தார். அவ்வாண்டு சூனில் புதிய வரையறைகளோடு அது மீண்டும் எழுந்தது என்பது வேறு. அயலார் சட்டத்துக்கு அஞ்சி நிற்பதுதான் அறமென்றால், அச்சட்டம் உறங்கிய நான்கு திங்களும் அவ்வறம் எங்கே நின்றது?

பயிற்சி கேட்போர்க்கு ஏற்ற மொழியில் தரப்பட்டதா என்பது, அமெரிக்க நயன்மைத் துறை தன் வழக்குரைஞர்க்கு வகுத்துத் தந்த வினாக்களுள் ஒன்று. அவர்களே கேட்கும் வினாவைத் தமிழ்நாட்டு அரசு கேட்கக் கூடாதா? தமிழ்த் தொழிலாளியிடம் தமிழ்த் தாளில் அன்றி ஒப்பம் பெறலாகாது எனச் சட்டம் செய்ய வேண்டும். தவறு கண்டவர் முறையிடும் தொலைப்பேசியிலும் தமிழ் ஒலிக்க வேண்டும். என் மாணவரின் நிறுவனத்தில் அவ்வெண்ணை அழைத்தால் ஆங்கிலக் குரலே விடை தருமாம். கண்ட களவைச் சொல்லவும் மொழியற்றவராய் நிற்கிறார் அக்காவலர்.

அந்நான்கு தாள்களையும் தமிழாக்கினேன். இரண்டே தாள் ஆயின. 'எளிதாக்கும் கொடை' வந்த இடத்தில் கையூட்டு என்றே எழுதினேன். மாணவர் சற்றுத் தயங்கி, "இச்சொல்லுக்கு மேலிடத்து இசைவு வேண்டும் ஐயா" என்று கூறிப் பெற்றுச் சென்றார். இசைவு இன்னும் வரவில்லை. சென்ற கிழமை சேர்ந்த காவலர் இருவரிடம் ஆங்கிலத்து ஈற்றுத் தாளையே நீட்டி ஒப்பம் பெற்றார்களாம்.