தோற்ற தளபதி எழுதிய சாட்சியம்

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 20 விடியற்காலையில், வடகிழக்கு எல்லையின் நாம்கா சூ ஆற்றங்கரையில் சீனப் படை நம் வீரர்கள்மீது பாய்ந்தது. அங்கே நின்ற 7-வது காலாட்படை பிரிகேடின் தளபதி பிரிகேடியர் ஜான் தல்வி. இரண்டு நாளில் அவர் சீனர்களிடம் சிறைப்பட்டார். 1963 மே மாதம்தான் ஊர் திரும்பினார்.

திரும்பியவர் 1969-ல் வெளியிட்ட நூல் ‘ஹிமாலயன் ப்ளண்டர்’. அரசு அதைத் தடைசெய்தது. காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. எதிரி தாக்லா முகட்டின்மேல். நம் ஆட்கள் கீழே, ஆற்றோரப் பள்ளத்தில். அக்டோபர் குளிரில் பலருக்குப் பருத்திச் சீருடையும் கான்வாஸ் காலணியும்தான். பீரங்கி ஆதரவு பெயரளவுக்கு. தோட்டாவும் உணவும் விமானத்திலிருந்து போடப்பட்டு, பாதி காட்டிலும் பள்ளத்திலும் விழுந்து காணாமல்போயின. இந்த நிலையில்தான் சீனரை விரட்டும்படி டெல்லியிலிருந்து உத்தரவு வந்தது. ஒவ்வொன்றையும் தல்வி நாள்வாரியாக எழுதிவைத்தார்.

நூலின் தொடக்கம் நம் நீலகிரியில். 1950-ல் வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் தல்வி மாணவர். திபெத்துக்குள் சீனா நுழைந்த செய்தி கேட்டதும் கல்லூரித் தலைவர் ஜெனரல் லெண்டெய்ன் வகுப்புக்குள் வந்து, நீங்கள் ஓய்வுபெறுமுன் சீனரோடு போரிட நேரும் என்று எச்சரித்ததாக எழுதுகிறார். எச்சரிக்கை கேட்டவரே பன்னிரண்டு ஆண்டில் பலியாடாக நிறுத்தப்பட்டார்.

தோற்ற தளபதி தன் பக்கத்தை நியாயப்படுத்தத்தானே செய்வார் என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். அவருடைய மேலதிகாரி ஜெனரல் கௌலும் 1967-லேயே தன் தரப்பை நூலாக எழுதினார். இரண்டையும் உரசிப் பார்க்கத் தேவையானது, தோல்வியை ஆராய்ந்த ராணுவத்தின் உள்விசாரணை அறிக்கையான ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை. அது 1963-லேயே தயாரானது. அரசு இன்றுவரை அதை முழுமையாக வெளியிடவில்லை. 2014-ல் நெவில் மேக்ஸ்வெல் என்ற வெளிநாட்டுப் பத்திரிகையாளர் வழியாகத்தான் ஒரு பகுதி வெளியே வந்தது. இது நமக்குத் தலைகுனிவு. அறிக்கை பூட்டியிருக்கும்வரை தல்வியின் நூலே மக்களின் ஆவணம்.

இதை நான் புதுச்சேரியிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போன ‘சொல்தா’க்களின் ஊர் இது. முதல் உலகப்போரில் மாண்டவர்களுக்குக் கடற்கரைச் சாலையில் நினைவிடம் இருக்கிறது. ஜூலை 14-ஐ ஒட்டி அங்கே மலர்வளையம் வைக்கிறோம். ஆனால், போய்த் திரும்பியவர்களில் எத்தனை பேர் கண்டதை எழுதினார்கள்? ஓய்வூதியப் புத்தகமும் பதக்கமும் பல வீட்டு அலமாரிகளில் உள்ளன. கதை மட்டும் பெரியவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டில் ஒரு சொல்தா இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்தக் கப்பலில் போனார், யாருடைய உத்தரவுக்குச் சுட்டார், உடன் போனவர் யார் திரும்பவில்லை என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிவையுங்கள்.