குரிடிபா மேயரும் நம் கணக்கும்

விளைச்சல் மிகுந்த ஆண்டில் விவசாயி அழுவதும், விளைச்சல் குறைந்த ஆண்டில் வாங்குவோர் அழுவதும் நம் நாட்டுக்கு மட்டும் உரிய காட்சிகள் அல்ல. பிரேஸில் தேசத்தின் தெற்கே பரனா என்றொரு மாநிலம் உண்டு. அதன் தலைநகரான குரிடிபாவைச் சுற்றியுள்ள சிறு விவசாயிகளும், காய்கறி மலிந்து விலை விழும் காலங்களில் விற்க வழியின்றித் தவித்தவர்களே. அதே நகரத்தின் ஓரங்களில், வண்டி நுழைய முடியாத சந்துகளும் சரிவுகளும் நிறைந்த குடிசைப் பகுதிகளில், குப்பை ஓடைகளில் குவிந்து நோயைப் பெருக்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் உண்ண ஆளில்லாத காய்கறி. மறு பக்கம் அள்ள ஆளில்லாத குப்பை. இவ்விரண்டையும் ஒரே ஏட்டில் வரவும் செலவுமாக எழுதலாம் என்று 1991-ஆம் ஆண்டில் அந்நகர மேயராயிருந்த ஜெய்மி லெர்னர் முடிவு செய்தார்.

லெர்னர் 2021-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் தேதி காலமானார். நகரங்களைப் பற்றி எழுதுவோர் உலகெங்கும் அவரைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழுரைகள் பெரும்பாலும் கட்டடக் கலைஞர்களும் போக்குவரத்து நிபுணர்களும் எழுதியவை. உழுகிறவனும் நெய்கிறவனும் அவருடைய பொதுவாழ்வை எவ்வாறு எடை போடுவார்கள் என்பதை யாரும் கேட்கவில்லை. ஆகவே நாம் கேட்டுப் பார்க்கிறோம்.

குப்பைத் திட்டம் நடந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1989-இல் நகர வீடுகளில் மக்கும் குப்பையையும் மறுபடி பயன்படும் பொருள்களையும் பிரித்து வைக்கும் பழக்கத்தை நகரசபை ஏற்படுத்திற்று. முதலில் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வண்டி போக முடியாத குடிசைப் பகுதிகளில், குப்பையை மூட்டையாகக் கட்டித் தெருமுனைக்குக் கொண்டுவந்து தருவோருக்கு பஸ் டிக்கெட்டுகள் கொடுக்கப்பட்டன. 1990-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுப்புறத் திட்டம் இந்த ஏற்பாடுகளுக்காக குரிடிபாவுக்குப் பரிசளித்தது. அடுத்த ஆண்டில் பஸ் டிக்கெட்டோடு காய்கறியும் சேர்ந்தது. 4 கிலோ காகிதம், கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் முதலியவற்றைக் கொடுத்தால் 1 கிலோ காய்கறியோ பழமோ கிடைக்கும். குறித்த இடத்துக்குக் குறித்த நாளில், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை லாரி வரும். காய்கறிகளை நகரசபை அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகளின் சங்கங்கள் மூலமாகவே கொள்முதல் செய்தது. அங்ஙனம் வாங்கியது, பெரும்பாலும், சந்தையில் விலைபோகாமல் தேங்கிய பருவச் சரக்கு.

இதில் நமக்குப் பிடித்தது என்னவென்றால், இது தானம் அன்று. ஏழை கையேந்தி நிற்கவில்லை. ஒரு சரக்கைக் கொண்டுவந்து மற்றொரு சரக்கை எடுத்துச் சென்றான். விவசாயியும் மானியம் என்று மனுப் போட்டுக் காத்திருக்கவில்லை, விளைந்ததை விற்றான். வண்டியும் ஆளும் அனுப்பிச் சந்து சந்தாக அள்ளியிருந்தால் ஆகக்கூடிய செலவை நகரசபை காய்கறிக்குக் கொடுத்தது. மூன்று பேருக்கும் ஏதோ ஒன்று கிடைத்த வியாபாரம் இது. லெர்னர் செய்த காரியங்களில் இதுவே தலையாயது என்பது நம் அபிப்பிராயம். பரிசு பெற்றுத் தந்த மற்றப் பெருங்காரியங்களை இதற்கு அடுத்த வரிசையிலேயே வைப்போம்.

அந்தப் பெருங்காரியங்களையும் மறைக்க வேண்டியதில்லை. 1974-இல் சாலையின் நடுவே பஸ்களுக்கென்றே தனிப் பாதை ஒதுக்கினார். 1991-இல் குழாய் வடிவ நிலையங்கள் வந்தன. டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, படியேறாமல் தளத்திலிருந்தே பஸ்ஸுக்குள் நடந்து போகலாம். பூமிக்கடியில் ரயில் ஓட்டப் பணமில்லாத ஊர் பஸ்ஸையே ரயிலைப்போல் ஓட்டிற்று. பொகோட்டா நகரம் இதைப் பார்த்து 2000-இல் தானும் அமைத்துக்கொண்டது. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம் என்ற விதியை நாம் விசேஷமாகப் பாராட்டுகிறோம். ஏழைகள் நகரத்தின் விளிம்பில் இருந்தார்கள். அருகில் போகிறவன் கொடுத்த காசு தூரத்திலிருந்து வருகிறவனைச் சுமந்தது. கூட்டுறவு என்ற சொல்லைச் சொல்லாமலே செய்த கூட்டுறவு அது.

நிற்க. இவர் எவ்வாறு மேயரானார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரேஸிலில் 1964 முதல் 1985 வரை இராணுவ ஆட்சி. மாநிலத் தலைநகரங்களின் மேயர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, மேலிருந்து நியமித்தார்கள். லெர்னர் 1971-இலும், பிறகு 1979-இலும் அவ்வாறு நியமனம் பெற்று வந்தவர்.

1972-இல் நகரின் முக்கியமான கடைவீதியில் கார்கள் போகக்கூடாது, ஜனங்கள் நடக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். வியாபாரிகள் எதிர்த்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் வேலையாட்களை இறக்கினார். 72 மணி நேரத்தில் சாலையைப் பெயர்த்துக் கல் பாவி, பூந்தொட்டிகளும் விளக்குகளும் வைத்து முடித்துவிட்டார்கள். கார்க்காரர்கள் சிலர் கூட்டமாக வந்து அவ்வீதியில் வண்டி ஓட்டப் போவதாக மிரட்டியபோது, தெரு நெடுகக் காகிதச் சுருளை விரித்துக் குழந்தைகளை உட்காரவைத்துச் சித்திரம் தீட்டச் செய்தார். கார்கள் வரவில்லை. சிறிது காலத்தில், எதிர்த்த வியாபாரிகளே கடைகளில் கூட்டம் பெருகியதைக் கண்டு, அந்த ஏற்பாட்டை மேலும் நீட்டும்படி கேட்டார்களாம்.

இந்தக் கதையைச் சொல்லும்போது கேட்பவர் சிரித்துக் கைதட்டுவது வழக்கம். நமக்கோ முழுமனத்தோடு கைதட்ட வரவில்லை. நம் சங்கம் ஒன்றில் காரியதரிசி, பொதுச்சபையைக் கூட்டாமல், அங்கத்தினரைக் கேளாமல், ஞாயிற்றுக்கிழமை இரவோடு இரவாகப் புதுத் தறிகளை வாங்கி நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தறிகள் நன்றாகவே ஓடட்டும், லாபமும் வரட்டும். ஆயினும் அதே வழியில் அடுத்த காரியதரிசி ஓடாத தறிகளையும் வாங்கி நிறுத்தலாம். அப்போது ஆட்சேபிக்க அங்கத்தினருக்கு வாய் இராது. பலன் நன்றாயிருந்தது என்பது செய்த முறைக்குச் சமாதானம் ஆகாது. எதிர்த்த வியாபாரிக்கும், தவறாகவே எதிர்த்தாலும், கேட்கப்படும் உரிமை உண்டு.

மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. கூட்டம் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் அந்த வீதி இருபது ஆண்டுகளானாலும் அப்படியே இருந்திருக்கும் என்பதை மறுக்க நம்மால் முடியாது. நம் சங்கங்களில் ஒரு கூரையை மாற்றுவதற்கு எத்தனை கூட்டங்கள் கூடின என்பது நமக்குத் தெரியும். மேலும், இராணுவ ஆட்சி போய் வாக்குரிமை வந்த பின், 1988-ஆம் ஆண்டுத் தேர்தலில் அதே ஜனங்கள் அதே லெர்னரைத் தாங்களாகவே தேர்ந்தெடுத்தார்கள். காய்கறித் திட்டம் அந்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட காலத்தில் பிறந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அது இரவோடு இரவாக நடந்ததன்று. வீடுதோறும் ஜனங்கள் கை கொடுத்தாலன்றி ஒரு நாளும் நடவாத காரியம்.

ஆறுகளின் விஷயத்துக்கு வருவோம். குரிடிபாவில் மழைக்காலத்தில் வெள்ளம் வழக்கம். சிமெண்டுக் கால்வாய் கட்டுவதற்குப் பதிலாக, லெர்னர் ஆற்றோரத் தாழ்நிலங்களைப் பூங்காக்களாக்கி, அவற்றில் ஏரிகளை வெட்டினார். பெருகி வரும் நீர் அங்கே தங்கிப் பிறகு மெதுவாக வடியும். 1972-இல் அமைத்த பரிகூயி பூங்கா இவ்வகையைச் சேர்ந்தது. புல்லை மேய ஆட்டு மந்தையையும் விட்டார்கள்! நம் முன்னோர் கண்மாய்களையும் ஏரிகளையும் வெட்டிய கருத்தும் ஏறக்குறைய இதுதான். நாம் அவற்றின்மேல் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் வெள்ளத்தைத் தடுப்பது ஒன்று, நீரைச் சுத்தமாக வைப்பது வேறொன்று. குரிடிபாவின் சாக்கடை கலந்து ஓடும் மேல் இகுவாசு ஆறு, பிரேஸிலின் மிக அசுத்தமான ஆறுகளுள் ஒன்றாகப் பல ஆண்டுகளாகக் கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது. பூங்காவுக்கு வருகிறவர் கண்ணில் புல்லும் ஏரியும் படும். கீழே ஓடும் நீரின் நிறத்தை, அதைப் பாய்ச்ச வேண்டியவனே பார்க்கிறான். நொய்யல் கரையில் சாயக்கழிவு கலந்த நீரைப் பார்த்த விவசாயிகளுக்கும், அச்சாயத் தொழிலை நம்பிப் பிழைத்தவர்களுக்கும் இதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பூங்காக்களுக்காக லெர்னருக்குக் கொடுக்கும் மதிப்பெண்களில் இதற்காகக் கொஞ்சம் குறைத்தே தீரவேண்டும்.

1995 முதல் 2002 முடிய அவர் பரனா மாநிலக் கவர்னர். நம் நாட்டுக் கவர்னரைப்போல் நியமிக்கப்பட்டவர் அல்லர். அங்கே கவர்னரே வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலத் தலைவர். பஸ்ஸைப் போற்றிப் புகழ்பெற்ற அந்த மனிதர், கவர்னரானதும், வரிச் சலுகைகள் தந்து ரெனோ, வோக்ஸ்வாகன் கம்பெனிகளின் கார்த் தொழிற்சாலைகளைக் குரிடிபாவின் பக்கத்து ஊருக்கு வரவழைத்தார். வேலை வாய்ப்பு வேண்டும் என்று அவர் எண்ணியதில் தவறு காண்பது எளிதன்று. எனினும், பிரேஸிலின் மாநிலத் தலைநகரங்களுள் ஜனத்தொகைக்கு ஏற்பக் கார்கள் மிகுந்தவற்றில் ஒன்றாகக் குரிடிபாவே ஆகிவிட்டது என்பதையும், அந்தப் பிரசித்தமான பஸ்களில் ஏறுவோர் பிற்காலத்தில் குறைந்துபோனார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

இன்னும் கசப்பான ஒன்று. 2000-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி, நிலச் சீர்திருத்தம் கேட்டுக் குரிடிபாவை நோக்கிப் பஸ்களில் வந்த நிலமற்ற விவசாயத் தொழிலாளரை மாநிலப் போலீஸார் நெடுஞ்சாலையில் மறித்தார்கள். ஒருவர் சுடப்பட்டு இறந்தார், பலர் காயமுற்றனர். அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் 2023-இல், இதற்குப் பிரேஸில் தேசமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. சுட்டவர் போலீஸ்காரர், லெர்னர் அல்லர். ஆயினும் அப்போது மாநிலத்தை ஆண்டவர் அவரே. மேயராயிருந்தபோது விவசாயியின் முட்டைக்கோஸை வாங்கியவருடைய ஆட்சியில், நிலம் கேட்டு வந்தவன் நகருக்குள் நுழையவும் முடியவில்லை. புகழுரைகளில் இந்த வரி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. விவசாயிகள் படிக்கும் பத்திரிகையில் விடக்கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் அந்தக் காய்கறி லாரியிடமே நாம் திரும்பி வருகிறோம். லெர்னர் பதவி விட்டு இறங்கிய பிறகும், கட்சிகள் மாறி மேயர்கள் மாறிய பிறகும், அந்த லாரி நிற்கவில்லை. நம் ஊர்களில் ஒருவர் வைத்த பெயர்ப் பலகையை அடுத்தவர் கழற்றுவதே முதல் வேலையாயிருக்க, இது அபூர்வமான செய்தி. அதிலும் ஒரு குறை உண்டு. தள்ளுவண்டி இழுத்துக் காகிதமும் தகரமும் பொறுக்கிப் பிழைத்தவர்கள் ஆதித் திட்டத்தில் இடம் பெறவில்லை. அவர்களைச் சங்கங்களாகச் சேர்த்துக்கொள்ளும் முயற்சி வெகுகாலம் கழித்தே, வேறொரு மேயரின் காலத்தில் ஆரம்பமாயிற்று.

நம் நகரசபை ஏதாவது ஒன்று இத்தகைய யோசனையை எடுக்குமானால், நம் விற்பனைச் சங்கங்கள் முன்வர வேண்டும் என்றே சொல்வோம். ஆனால் சர்க்கார் கொள்முதல் எப்படிப்பட்டது என்பதை நம் நெசவாளர்கள் அறிவார்கள். 1983 முதல் பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை நெய்து கொடுத்துவரும் சங்கங்கள் அவர்களுடையவை. தறிக்கு வேலை கிடைத்தது என்பதும் உண்மை. கூலிப் பணத்துக்காக வாசலில் காத்து நின்றவர்கள் உண்டு என்பதும் உண்மை. வேட்டியாவது காத்திருக்கும், தக்காளி காத்திராது. ஆகவே லாரியில் முதல் கூடையை ஏற்றுமுன் சங்கம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை இரண்டு: கிலோவுக்கு என்ன விலை, எந்தத் தேதியில் பணம்.