காதடியில் ஒரு கட்டி

குழந்தைக்குக் காதடியில் வீங்கினால் நம் வீட்டுப் பாட்டிகளுக்கு டாக்டரே வேண்டாம். "பொன்னுக்கு வீங்கி!" என்று தீர்ப்புச் சொல்லி, மஞ்சளை இழைத்துப் பற்றுப் போட்டு, கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலியையும் மாட்டிவிடுவார்கள். சங்கிலியின் மகிமையோ என்னவோ, பத்து நாளில் வீக்கம் வடிந்துவிடும்!

அதே இடத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு நெல்லிக்காயளவு கட்டி. ஜுரமில்லை, வலியில்லை, மாதக் கணக்கில் வடியவும் இல்லை. "வலிக்கவில்லையே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்போம். அங்கேதான் மோசம் போகிறோம். உமிழ்நீர்ச் சுரப்பியில் உண்டாகும் புற்றுநோய் பெரும்பாலும் வலியில்லாமல்தான் தொடங்குகிறது.

உடனே பயந்துவிடாதீர்கள், சகோதரிகளே! இது அபூர்வமான நோய். காதடிச் சுரப்பியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுக் கட்டிகளே. தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் உள்ள சிறிய சுரப்பிகளில் வருவதைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். சாதுவானாலும் விட்டுவைப்பதற்கில்லை, சில கட்டிகள் பல வருஷங்கள் கழித்துப் புற்றாக மாறுவதுண்டு. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, மரத்துப் போனாலோ தாமதமே கூடாது.

காது மூக்கு தொண்டை டாக்டர் அல்ட்ராசவுண்ட் படம் எடுத்து, மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சில ஜீவ அணுக்களை உறிஞ்சிப் பார்க்கச் சொல்வார். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்பது வீண் பயம்.

சிகிச்சை, முக்கியமாக ஆபரேஷன்தான். காதடிச் சுரப்பியின் நடுவே முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. நாம் கண்ணை மூடுவதும் சிரிப்பதும் அதன் தயவு! முடிந்தவரை அதைக் காப்பாற்றிக் கட்டியை எடுப்பதில்தான் டாக்டரின் கைத்திறன் இருக்கிறது. நோய் தீவிரமாக இருந்தால் பிறகு கதிர் சிகிச்சையும் உண்டு. இதில் ஒரு வகை, நரம்போடு நரம்பாக ஊர்ந்து, பத்துப் பதினைந்து வருஷம் கழித்தும் தலைகாட்டும். ஆகையால், குணமாகிவிட்டது என்று சோதனைக்குப் போவதை நிறுத்தக் கூடாது.

அமெரிக்காவில், சிகாகோவில் ரோஜர் ஈபர்ட் என்ற பிரபல சினிமா விமர்சகர் இருந்தார். 2003-ல் அவருக்கு இந்நோய் கண்டது. 2006-ல் தாடையின் ஒரு பகுதியையே எடுக்க நேர்ந்தது. அதன்பின் பேச்சும் போயிற்று, வாயால் உண்பதும் போயிற்று. ஆனால் 2013-ல் இறக்கும்வரை மனிதர் எழுதுவதை நிறுத்தவில்லை. ஒரு கவளம்கூட விழுங்க முடியாத அவர் 2010-ல் வெளியிட்ட புத்தகம் என்ன தெரியுமா? ரைஸ் குக்கரில் என்னென்ன சமைக்கலாம் என்பது!